மர்மப் படத்தின் முதற்காட்சி

ஆனித் திங்கள் முழுமதி நாளை ஒட்டிக் காரைக்கால் நகரில் மாங்கனித் திருவிழா நடைபெறும். இறைவன் பிச்சாடனர் திருக்கோலத்தில் வீதியுலா வரும்போது, மாடிகளில் நிற்கும் மக்கள் மாம்பழங்களை வாரி இறைப்பர். கீழே திரண்டு நிற்போர் அவற்றைக் கைநீட்டிப் பிடிப்பர். அவ்வூரில் தோன்றிய புனிதவதியார் என்னும் காரைக்கால் அம்மையாரின் வரலாற்றை நினைவூட்டுவது இவ்விழா. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் அவ்வரலாற்றை விரித்துக் கூறுகின்றது.

வணிகன் பரமதத்தன் இரண்டு மாங்கனிகளைத் தன் இல்லத்திற்கு அனுப்பினான். பசியால் களைத்து வந்த அடியார் ஒருவருக்குப் புனிதவதியார் அவற்றுள் ஒன்றை இட்டார். நண்பகலில் உண்ண வந்த கணவனுக்கு எஞ்சியிருந்த கனியைப் படைத்தார். அதன் சுவையில் மகிழ்ந்த அவன், மற்றொன்றையும் கேட்டான்.

கதை கேட்போர் இவ்விடத்தில் மூச்சடக்கி இருப்பர். கத்தி இல்லை, இரத்தம் இல்லை, உரத்த சொல் ஒன்றும் இல்லை. ஒருவன் பழம் கேட்கிறான், அவ்வளவே. எனினும் நெஞ்சு பதைப்பது எதனால்? இரண்டாம் கனி போய்விட்டது என்பது கேட்போர்க்குத் தெரியும். இலைமுன் அமர்ந்திருப்பவனுக்குத் தெரியாது. இந்த வேறுபாடே பதைப்பை விளைவிக்கின்றது. இறையருளால் வேறொரு கனி அம்மையார் கைக்கு வந்ததும், அதன் சுவை முன்னையதினும் மேம்பட்டிருக்கக் கண்டு கணவன் வினவியதும் பின்னர் நிகழ்ந்தவை. அவ்வரலாற்றின் பொருள் பக்தி. ஆயினும், சொல்லும் முறையை மட்டும் எடுத்து நோக்கினால், மர்மப் படம் எடுக்க விரும்பும் மாணவர் முதலில் அறிய வேண்டியது அதனுள்ளேயே இருக்கின்றது. யார் எதை அறிவர், எப்போது அறிவர் என்பதை முன்னரே தீர்மானித்தலே அது.

கைத்தொலைபேசியிலேயே காமிரா அமைந்துவிட்ட இந்நாளில், மாணவர் குழுக்கள் குறும்படம் எடுத்தல் அரிய செயலன்று. இங்கிலாந்தில் ஊடகப் பாடம் பயின்ற மேல்வகுப்பு மாணவர்க்கு, ஒரு கதைப் படத்தின் பெயர்ப்பட்டியலும் தொடக்கமும் மட்டும், இரண்டு நிமிடத்திற்கு மிகாமல் எடுத்து வருமாறு பயிற்சி அளிக்கப்பட்டதுண்டு. மாணவருள் பலர் தேர்ந்தெடுத்தது மர்மக் கதையையே. முழுப் படம் எடுக்க வேண்டியதில்லை. தொடக்கம் மட்டும் போதும் என்பது எளிதாகத் தோன்றும். ஆனால், பின்னால் வரப்போகும் கதை முழுவதும் தெளிவாகாமல் முதல் இரண்டு நிமிடத்தை எவராலும் வகுக்க இயலாது. எதை மறைப்பது என்று முடிவு செய்ய, மறைக்கப்படும் பொருள் இன்னதென்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமன்றோ?

தமிழ்த் திரையில் இதற்குத் தலைசிறந்த சான்று, 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் வெளிவந்த 'அந்த நாள்' என்னும் படம். ஏ. வி. மெய்யப்பன் தயாரிக்க, எஸ். பாலசந்தர் இயக்கினார். ஜாவர் சீதாராமன் திரைக்கதை வசனம் எழுதியதோடு, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். பாட்டும் கூத்தும் நிறைந்திருந்தாலன்றிப் படம் ஓடாது என்று எல்லாரும் நம்பியிருந்த காலம் அது. இப்படத்தில் ஒரு பாட்டும் இல்லை, நடனமும் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. வெளியான காலத்தில் வசூல் குறைவாகவே இருந்தது. பாட்டை எதிர்பார்த்து வந்த மக்கள் ஏமாற்றமடைந்தனர். எனினும் தேசிய அளவில் தகுதிச் சான்றிதழ் பெற்ற அப்படம், பிற்காலத்தார் போற்றும் படைப்பாக நிலைபெற்றது. பாலசந்தர் இதனை எடுத்தபோது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை என்பது கருதத்தக்கது. அவரே பின்னாளில் வீணை இசையில் உலகப் புகழ் பெற்றவர்.

கதை நிகழும் காலம் 1943ஆம் ஆண்டு அக்டோபர். இரண்டாம் உலகப் போரில் சப்பானிய விமானம் சென்னை மீது குண்டு வீசிய நாட்கள் அவை. படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கின்றது. ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் தன் வீட்டிலேயே சுடப்பட்டு வீழ்கிறான். ஓசை கேட்ட அண்டை வீட்டார் காவல் நிலையத்திற்கு ஓடுகிறார். காவலர் வருகின்றனர், விசாரணை தொடங்குகின்றது.

இங்கே பாலசந்தர் செய்த துணிவு யாது? கொலையுண்டவனாக நடித்தவர் சிவாஜி கணேசன். 1952ஆம் ஆண்டில் வெளிவந்த 'பராசக்தி'யால் நாடெங்கும் பெயர் பெற்றிருந்த நடிகர் அவர். அவரைக் காண்பதற்கென்றே காசு கொடுத்து அரங்கினுள் வந்து அமர்ந்தோர் கண்முன்னே, படம் தொடங்கிய உடனேயே அவர் இறந்து போகிறார். ஆகவே, 'கொன்றவர் யார்?' என்ற ஒரு வினாவோடு, 'கதைத் தலைவனே மாண்டபின் இனிக் கதை எவ்வாறு நடக்கும்?' என்ற மற்றொரு வினாவும் காண்போர் உள்ளத்தில் எழுகின்றது. இரண்டாம் வினாவுக்குப் படமே விடை கூறுகின்றது. விசாரிக்கப்படுவோர் ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைச் சொல்லச் சொல்ல, இறந்தவன் மீண்டும் மீண்டும் திரையில் தோன்றுகிறான். ஒவ்வொருவர் வாய்மொழியிலும் வெவ்வேறு மனிதனாகத் தோன்றுகிறான். சப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' என்னும் 1950ஆம் ஆண்டுப் படம் இம்முறைக்குத் தூண்டுதலாய் அமைந்தது. ஆனால், 'ரஷோமோன்' உண்மை எதுவென்று அறுதியிட்டுச் சொல்லாமலே முடியும். 'அந்த நாள்' அவ்வாறன்று. சுட்டவர் யார் என்பதை இறுதியில் தெளிவாகக் காட்டிவிடும். அவர் யார் என்பதை இங்கே எழுதுதல் முறையன்று. படத்தைப் பார்த்தே அறிதல் வேண்டும்.

தொடக்கக் காட்சியில் ஒரு நேர்மை உண்டு. சுட்டவரைக் காமிரா காட்டவில்லை. ஆனால், சுடாத வேறொருவரைச் சுட்டவர்போலக் காட்டி ஏமாற்றவும் இல்லை. மறைத்தல் வேறு, பொய் கூறுதல் வேறு. இறுதியில் உண்மை வெளிப்படும்போது, காண்போர் முதற்காட்சியை நினைத்துப் பார்த்து, 'ஆம், அது அப்போதே அங்கு இருந்தது. கண்டும் காணாதிருந்தோம்' என்று வியக்க வேண்டும். 'இவன் நம்மை ஏய்த்துவிட்டான்' என்று எண்ணுவாராயின், படம் தோற்றது என்பதே பொருள்.

'அந்த நாள்' காண்போரை அறியாமையில் நிறுத்தியது. அதே பாலசந்தர், பத்து ஆண்டுகள் கழித்து, 1964ஆம் ஆண்டில், நேர்மாறான வழியில் ஒரு படம் எடுத்தார். அதன் பெயர் 'பொம்மை'. நடக்கவும் பேசவும் வல்ல ஒரு பொம்மையினுள் வெடிகுண்டு வைக்கப்பட்டிருக்கின்றது. ஒருவரைக் கொல்லும்பொருட்டு வைக்கப்பட்ட அது, கைமாறிக் கைமாறி எங்கெங்கோ செல்கின்றது. பொம்மையை ஏந்துவோர் எவருக்கும் உள்ளிருப்பது தெரியாது. அரங்கில் அமர்ந்திருப்போர் அனைவர்க்கும் தெரியும். 'கொன்றவர் யார்?' என்ற வினாவுக்கு இங்கே இடமே இல்லை. 'எப்போது வெடிக்கும்? யார் கையில் இருக்கும்போது வெடிக்கும்?' என்பதே வினா. அறியாமையால் எழுவது மர்மம் எனின், அறிந்தமையால் எழுவது பதைப்பு. ஒரே கலைஞர் இவ்விரண்டையும் தனித்தனியே செய்து காட்டியிருத்தல் தமிழ் மாணவர்க்குக் கிடைத்த நல்வாய்ப்பாகும்.

ஆங்கில இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக் இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூபோ அவரோடு உரையாடித் தொகுத்த நூல் 1966ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் இவ்விளக்கம் காணப்படும். மேசையின் இருபுறமும் சிலர் அமர்ந்து வீண்பேச்சுப் பேசுகின்றனர். மேசையின் கீழே குண்டு ஒன்று இருக்கின்றது. அதை முன்னரே காட்டாமல் திடீரென வெடிக்கச் செய்தால், காண்போர்க்கு 15 விநாடி அதிர்ச்சி. முன்னரே காட்டி, வெடிக்கும் நேரத்தையும் தெரிவித்துவிட்டால், அதே வீண்பேச்சு 15 நிமிடத்திற்கு நெஞ்சை உலுக்கும். ஹிட்ச்காக்கும் இம்முறையில் ஒருமுறை தவறினார் என்பது அறியத்தக்கது. 1936ஆம் ஆண்டில் அவர் எடுத்த 'சபோட்டாஜ்' என்ற படத்தில், சிறுவன் ஒருவன் உள்ளிருப்பது இன்னதென்று அறியாமல் வெடிகுண்டைச் சுமந்து பேருந்தில் செல்கிறான். அது வெடித்து அவன் மாண்டு போகிறான். காண்போர் வெகுண்டனர். நெடுநேரம் பதைக்கச் செய்தபின் அச்சிறுவனைக் கொன்றது பிழையென்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

தொடக்கக் காட்சியிலேயே இம்முறையைக் கையாண்டு பெரும்புகழ் பெற்ற படம் ஒன்று உண்டு. 1958ஆம் ஆண்டில் ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆப் ஈவில்' அது. ஒருவன் ஒரு காரின் பின்பெட்டியில் வெடிகுண்டை வைத்துவிட்டு ஓடி மறைகிறான். ஒன்றும் அறியாத இருவர் வந்து காரில் ஏறுகின்றனர். கார் மெல்ல நகர்கின்றது. தெருவில் நடந்து செல்லும் புதுமணத் தம்பதியரை ஒருமுறை முந்துகின்றது. மறுமுறை அவருக்குப் பின்தங்குகின்றது. மெக்சிகோ நாட்டுக்கும் அமெரிக்க நாட்டுக்கும் இடையே உள்ள எல்லைச் சாவடியில் கார் நிற்கின்றது. காரில் இருக்கும் பெண், ஏதோ 'டிக் டிக்' என்று கேட்பதாகக் காவலரிடம் முறையிடுகிறாள், அவர் பொருட்படுத்தவில்லை. 3 நிமிடத்திற்கும் மேலாக ஓர் இடத்திலும் வெட்டாமல் ஒரே ஷாட்டாகக் காமிரா இதனைத் தொடர்கின்றது. எல்லை கடந்து சிறிது நேரத்தில் கார் வெடிக்கின்றது. இத்தனைக்கும் அவ்விடம் எல்லையூர் அன்று; கலிபோர்னியாவில் வெனிஸ் என்னும் ஊரில் எடுக்கப்பட்டது.

காரைக்கால் மாணவர்க்கு அத்தகைய தொல்லை இல்லை. எல்லை அவர்கள் ஊரிலேயே இருக்கின்றது. காவிரிக் கடைமடையில், கிழக்கே வங்கக் கடலும் ஏனைய திசைகளில் தமிழ்நாட்டு நிலமும் சூழ, தனித்துக் கிடக்கும் சிறு நிலப்பகுதி காரைக்கால். 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இப்பகுதி, 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இந்திய அரசின் ஆட்சிக்கு வந்தது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படி இணைந்தது. இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டம்; 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள்தொகை 2,00,222. 'அந்த நாள்' வெளிவந்த ஏப்ரலில், காரைக்காலினின்று சில கல் தொலைவில் உள்ள நாகூருக்குச் செல்பவன் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியை விட்டு இந்தியாவினுள் புக வேண்டியிருந்தது. இப்போது அந்த எல்லை நாட்டெல்லை அன்று. எனினும் வாஞ்சூர்ப் பகுதியைத் தாண்டும்போது பெயர்ப்பலகைகள் மாறும். காவலர் தலையணியும் மாறும். புதுச்சேரிக் காவலர் அணியும் சிவப்புத் தொப்பி பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற மரபு. அதை ஒரு விநாடி காட்டினால் போதும். எந்த ஊர் என்பதை எழுத்தாலும் சொல்லாலும் அறிவிக்க வேண்டிய தேவை இல்லை.

எல்லை இருக்குமிடத்தில் கடத்தலும் கதைக்கு எளிதில் கிட்டும். இம்மாவட்டங்களின் உண்மை வரலாற்றிலேயே அதற்குரிய பொருளும் உண்டு. 1976ஆம் ஆண்டில் பத்தூர் என்னும் சிற்றூரில் மண்ணுள் புதைந்து கிடந்த நடராசர் செப்புத் திருமேனி வெளிப்பட்டது. அது கைமாறி இலண்டன் வரை சென்றது. அங்கே 1988ஆம் ஆண்டில் நீதிமன்றத் தீர்ப்புப் பெற்று, 1991ஆம் ஆண்டில் தாயகம் மீண்டது. ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் 2006ஆம் ஆண்டில் களவு போய், ஆஸ்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் வரை சென்று, 2014ஆம் ஆண்டில் மீட்கப்பட்டது. ஊரார் வழிபட்ட தெய்வத் திருமேனி, அயல்நாட்டுக் கண்ணாடிப் பேழையினுள் விலைப்பொருளாய் நிற்பது பொறுக்கத்தக்கதோ? இத்தகைய ஒன்று கதையின் அடியில் இருக்குமாயின், காண்போர் கொள்ளும் பதைப்பு வெறும் பொழுதுபோக்காய் நில்லாது.

ஒரு மாணவர் குழு கீழ்வருமாறு ஒரு கதையை வகுத்துக் கொள்வதாக வைத்துக் கொள்ளலாம். திருவிழாக் காலம். காரைக்காலிலிருந்து நாகூருக்கு ஒரு மாம்பழக் கூடையைக் கொண்டு சேர்க்கும்படி, அறிமுகமான பெரியவர் ஒருவர் சிறுவன் ஒருவனிடம் கொடுக்கிறார். கூடையின் அடியில், துணியில் சுற்றிய சிறு செப்புத் திருமேனி இருக்கின்றது. சிறுவன் அதனை அறியான்.

இக்கதையை எவ்விடத்தில் தொடங்குவது? எல்லைச் சாவடியில் தொடங்கலாம். பேருந்து நிற்கின்றது, காவலர் ஏறுகிறார், கூடை சரிகின்றது, மாம்பழங்கள் உருள்கின்றன, துணி அவிழ்ந்து உலோகம் ஒளிவிடுகின்றது, சிறுவன் திகைத்து நிற்கிறான். அவன் எப்போது அறிகிறானோ அப்போதே காண்போரும் அறிகின்றனர். இது 'அந்த நாள்' காட்டிய வழி. அதிர்ச்சி உண்டு; வினாவும் உண்டு. ஆனால், அந்த ஒரு நொடிக்கு முன்னுள்ள ஒன்றரை நிமிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? தேர்ந்த நடிகர் இல்லாத மாணவர் குழுவுக்கு இது பெருந்தொல்லை. பேருந்தின் சன்னலையும் வயலையும் மாற்றி மாற்றிக் காட்டிக் காலம் கழிப்பர். காண்போர் கொட்டாவி விடுவர்.

மற்றொரு வழி, விடியற்காலையில் தொடங்குதல். மங்கிய ஒளியில் இரண்டு கைகள் மட்டும் தெரிகின்றன. அவை துணிப்பொதி ஒன்றைக் கூடையின் அடியில் வைக்கின்றன. துணி சற்றே விலக, திருமேனியின் சிறு விரல்கள் புலப்படுகின்றன. மாம்பழங்கள் ஒவ்வொன்றாய் அதன்மேல் அடுக்கப்படுகின்றன. பெரியவரின் முகம் தெரியவில்லை. பெருவிரலில் சுற்றிய கட்டு மட்டும் தெரிகின்றது. இதற்கு 25 விநாடி. சிறுவன் வந்து தூக்குகிறான். கூடை எண்ணியதினும் கனமாக இருக்கக் கண்டு வியக்கிறான். சிரித்துக்கொண்டே தலைமேல் ஏற்றுகிறான். இதற்கு 20 விநாடி. அடுத்துப் பேருந்து. பக்கத்து இருக்கையில் ஒரு தாய்; மடியில் அழும் குழந்தை. "தம்பி, ஒரு பழம் கொடேன், பிள்ளை அழுகிறான்," என்கிறாள். சிறுவன் மனமுவந்து எடுத்துக் கொடுக்கிறான். பின் இருக்கையிலிருந்து மற்றொரு கை நீள்கின்றது. திருவிழாப் பழமன்றோ? கேட்டவர்க்கு இல்லையென்று சொல்ல அவன் அறியான். பழத்தின் மட்டம் தாழ்ந்துகொண்டே வருகின்றது. இதற்கு 50 விநாடி. துணியின் நுனி தெரியத் தொடங்கும் வேளையில் பேருந்து நிற்கின்றது. படியில் சிவப்புத் தொப்பி ஒன்று ஏறுகின்றது. இறுதி 25 விநாடி. படத்தின் பெயர் திரையில் தோன்றுகின்றது.

நிகழ்ச்சி ஒன்றே, அறிவிக்கும் முறை இரண்டு. மாணவர்க்கு ஏற்றது இரண்டாம் முறையே என்பதில் ஐயமில்லை. இதில் துப்பாக்கி வேண்டா, ஓட்டப் பந்தயம் வேண்டா, அலறல் வேண்டா. சிறுவனாக நடிப்பவன் அச்சத்தைக் காட்டி நடிக்க வேண்டியதும் இல்லை. மகிழ்ச்சியாக இருந்தாலே போதும். அவன் எவ்வளவு மகிழ்கிறானோ, காண்போர் அவ்வளவு அஞ்சுவர். திருமேனிக்கு உண்மைச் சிலை எதுவும் தேவையில்லை. களிமண்ணால் செய்து செப்பு வண்ணம் பூசிய கை ஒன்று போதும். அதற்குமேல் காட்டினால் பொம்மையென்று தெரிந்துவிடும்.

திட்டத்தைத் தாளில் எழுதும் முறையும் இங்குக் கூறத்தக்கது. திரைத்துறையினர் ஒவ்வொரு ஷாட்டையும் சிறு கட்டமாகப் படம் வரைந்து வைப்பர். இதனை ஸ்டோரிபோர்டு என்பர். ஓவியத் திறமை தேவையில்லை, கோட்டுருவங்கள் போதும். கட்டத்தின் அருகே காட்சி, ஒலி, விநாடி ஆகியவற்றைக் குறிப்பர். மாணவர் இவற்றோடு இன்னும் ஒரு பத்தியைச் சேர்த்தல் நன்று. 'இந்த ஷாட்டில் காண்போர் புதிதாக அறிவது யாது? சிறுவன் அறிவது யாது?' என்பதே அப்பத்தி. இரண்டு இடமும் வெறுமையாய் இருக்கும் ஷாட் எதுவாயினும், அது எத்துணை அழகியதாயினும், நீக்கத்தக்கது. ஷாட் ஒன்றுக்குச் சராசரி 5 விநாடி எனக் கொண்டால், 120 விநாடிக்கு 24 ஷாட்டுகளே கிடைக்கும். அரசலாற்று முகத்துவாரமும் கலங்கரை விளக்கமும் அழகிய காட்சிகள்தாம். கதைக்கு அவற்றால் பயனில்லையெனின், அவற்றுக்கு விநாடி ஒதுக்க இயலாது.

ஒளியைப் பற்றியும் முன்னரே எண்ண வேண்டும். கீழைக் கடற்கரையில் கதிரவன் கடலிலிருந்து எழுகின்றான். காலையில் கிழக்கு நோக்கிப் படம் பிடித்தால், மனிதர் கருநிழல் உருவங்களாகத் தெரிவர், முகம் புலப்படாது. ஆளை மறைக்க வேண்டிய காட்சிக்கு இது செலவில்லாத உதவி. பேருந்துக் காட்சிக்கோ இதுவே இடையூறு. நாகூரை நோக்கிச் செல்லும் பேருந்து தெற்கே போகின்றது. காலை வெயில் இடப்பக்கச் சன்னல்களில் விழும். காமிராவை வலப்பக்கம் வைத்து அச்சன்னல்களை நோக்கிப் பிடித்தால் முகங்கள் இருண்டுபோம். ஆகவே, சிறுவனை வலப்பக்க இருக்கையில் அமர்த்துதல் வேண்டும். அல்லது நண்பகலுக்குப் பின் எடுத்தல் வேண்டும். ஓடும் பேருந்தில் எடுப்பதினும், உரியவர் இசைவு பெற்று, நிறுத்தி வைத்த பேருந்தில் எடுப்பதே தக்கது. வெளியே இருவர் நின்று அட்டைகளை அசைத்து நிழல் ஓடச் செய்து, இருக்கைகளை மெல்ல உலுக்கினால், பேருந்து ஓடுவதாகவே தோன்றும்.

ஒலிக்கு ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளல் நலம். கூடை அசையும்தோறும் எழும் 'கிறீச்' என்ற முனகல் அதற்கு மிகவும் பொருந்தும். கைகள் பழம் அடுக்கும்போது அது ஒருமுறை கேட்கட்டும். சிறுவன் தூக்கும்போது ஒருமுறை. பேருந்து குலுங்கும்தோறும் மீண்டும் மீண்டும். வெல்ஸ் படத்தில் 'டிக் டிக்' செய்யும் வேலையை இக்கூடை செய்துவிடும். இதனை வீட்டின் அமைதியான அறையில் தனியே பதிவு செய்து பின்னர்ச் சேர்த்தல் வேண்டும். கடற்காற்று வீசும் இடத்தில் பதிந்தால் காற்றொலி ஒன்றே கேட்கும்.

படத்தின் பெயரும் நடிகர் பெயர்களும் எங்கே வரவேண்டும் என்பது சிறிய செய்தியாகத் தோன்றும். ஆனால், பதைப்பைக் கெடுப்பதும் காப்பதும் அதுவே. வெல்ஸின் தொடக்கக் காட்சி முதலில் வெளிவந்தபோது, படநிறுவனம் அதன்மேலேயே பெயர்ப்பட்டியலை ஓடவிட்டது. காண்போர் கண் எழுத்தைப் படிக்குமா, காரைத் தொடருமா? அவர் எழுதி வைத்திருந்த நெடிய குறிப்பைக் கொண்டு 1998ஆம் ஆண்டில் படம் மீண்டும் சீரமைக்கப்பட்டபோது, அவ்வெழுத்துகள் அகற்றப்பட்டன. பாலசந்தரோ 'பொம்மை'யில் வேறொரு வழி கண்டார். படத்தின் முடிவில் தாமே தோன்றி, உடன் உழைத்தோரை ஒவ்வொருவராகக் காண்போர்க்கு அறிமுகம் செய்தார். மாணவர் படத்தில் தலைப்பை மட்டும் முதற்காட்சியின் இறுதியில் வைத்து, ஏனைய பெயர்களைப் படமுடிவுக்கு ஒதுக்கிவிடலாம்.

படப்பிடிப்புக்குச் செல்லுமுன் இசைவு பெற வேண்டிய இடங்கள் சில உள. காவலர் உடை அணிந்து ஒருவர் பொதுச் சாலையில் நிற்பது ஐயத்திற்கும் குழப்பத்திற்கும் இடமாகும். காவல் நிலையத்தில் முன்னரே எழுத்தால் அறிவித்தல் வேண்டும். தொப்பியை மட்டும் பேருந்தின் படியில் காட்டுவதாக வகுத்தமைக்கு இதுவும் ஒரு காரணம். உண்மைச் சோதனைச் சாவடியையோ துறைமுகப் பகுதியையோ இசைவின்றிப் படம் பிடித்தல் கூடாது. ஆற்று முகத்துவாரத்தில் நீரோட்டம் வலியது. அங்கே நீரில் இறங்கி நடிக்கும் காட்சி எதனையும் மாணவர் வகுத்தலே ஆகாது.

எடுத்து முடித்து, வெட்டி ஒட்டிய பின், கதையறியாத தோழர் மூவரைத் தனித்தனியே அழைத்து அந்த இரண்டு நிமிடத்தை ஒருமுறை மட்டும் காட்ட வேண்டும். நன்றாக இருக்கின்றதா என்று கேட்டலால் பயனில்லை. நட்பின் பொருட்டு நன்றென்றே கூறுவர். இனி என்ன நிகழும் என்று அஞ்சுகிறீர் என்பதை ஒரு வரியில் எழுதித் தருமாறு கேட்க வேண்டும். மூவரும் கூடையைப் பற்றியே எழுதியிருப்பின், படத்தின் அடுத்த பகுதியை எழுதத் தொடங்கலாம். ஒருவர் குழந்தை ஏன் அழுதது என்று எழுதியிருப்பின், பேருந்துக் காட்சியில் குழந்தைக்கு அளித்த விநாடிகள் மிகுதி. அவற்றுள் நான்கையோ ஐந்தையோ குறைத்து, துணியின் நுனி தெரியும் ஷாட்டுக்கு அளித்துவிட்டு, நான்காம் தோழர் ஒருவரைத் தேடிச் செல்ல வேண்டும்.